பக்கத்துப் பாயில் குழந்தை: வாசகர் கடிதங்களுக்கு ஒரு மருத்துவ மாணவியின் பதில்கள்

(சென்ற இதழில் வெளியான 'பக்கத்துப் பாயில் குழந்தை' கட்டுரையை எழுதியவர், சென்னையில் சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவி. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மையத்தின் முதல் ஆய்வைப் பற்றியது அந்தக் கட்டுரை. காசநோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை) மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. அதைச் செய்தவர்கள் பக்கம் நியாயம் இருந்ததா என்று கேட்டிருந்தார். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவரே பதில் எழுதுகிறார்.)

அந்த ஆய்வு சரியா, தவறா? நாலு பக்கம் எழுதியும் கடைசிவரை சொல்லவில்லையே. நழுவிவிட்டீர்களா?
வாசகர், கும்பகோணம்

ஆமாம் சார், நழுவினேன். ராத்தூக்கம் கெட்டு நழுவினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எழுதியபோது 'தவறு' என்றுதான் எழுதினேன். 'ஏழைகளைச் சோதனை எலிகளாக்கிய கதை' என்று முதல் வரி. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. எங்கள் பேராசிரியை படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "1956ல நீ மெட்ராஸ்ல டாக்டர்னு வச்சுக்கோ. வாசல்ல நூறு பேர் இருமிக்கிட்டு நிக்கிறாங்க. உன்கிட்ட எத்தனை கட்டில் இருக்கு?"

போய்ப் படித்தேன். கட்டில் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் எப்படியும் வீட்டில்தான் கிடந்தார்கள், அதுவும் மருந்தில்லாமல். அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டன: கட்டில் இல்லாமலே குணப்படுத்த முடியுமா? ஐசோனியசிட், பாஸ் என்று இரண்டு மருந்து, 12 மாதம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, காற்று, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு அரைவயிறு, நெருக்கியடித்த ஒரே அறை, பலருக்கு வேலையும் உண்டு. முடிவு 1959ல் வெளியானது. இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவியிருக்கவில்லை. பரவவேண்டியது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவிவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடுகிறது. பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதைப் படித்த சூட்டோடு இரண்டாவது தடவை எழுதினேன். இம்முறை 'சரி'. அன்று ராத்திரிதான் உறைத்தது: நான் விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மார்க் போடுகிறேன். 1956ல் அந்த விடை யாரிடமும் இல்லை. இருமும் அப்பாவுக்குப் பக்கத்துப் பாயில் குழந்தை படுத்திருக்கிறது, என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைகளுக்கு வந்திருந்தால் இதே ஆட்கள், இதே திட்டம், இதே நல்லெண்ணம், ஆனால் நான் குற்றப்பத்திரிகை எழுதியிருப்பேன். அதனால் மூன்றாவது தடவை எழுதும்போது முடிவைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டேன். வாசகரும் அதுவரை தெரியாமலே உட்கார்ந்திருக்கட்டும் என்று. உங்களுக்கு அது நழுவலாகத் தெரிந்தால் குறை என் எழுத்தில்தான்.

கட்டுரையில் உங்கள் தாத்தாவைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. அதைக் கொஞ்சம் விரித்திருக்கலாமே?
வாசகி, ராணிப்பேட்டை

விரித்துத்தான் எழுதியிருந்தேன். இடம் போதாமல் வெட்டிவிட்டார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். இப்போது நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

தாத்தா புளியந்தோப்பில் ஆலைத் தொழிலாளி. எழுபதுகளில் காசநோய் வந்தது. ஆய்வில் எல்லாம் அவர் இல்லை. அந்த ஆய்வால் பலன் அடைந்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர், அவ்வளவுதான். வீட்டில் இருந்தபடியே ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, ஒன்றரை வருஷத்தில் வேலைக்குத் திரும்பினார். அவருக்கென்று பாட்டி ஓர் அலுமினிய டம்ளரை ஒதுக்கினாள். அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறியிருக்கும். நோய் போய் இருபது வருஷம் கழித்தும் அவர் காபியை அதில்தான் குடித்தார். தாத்தாவுக்கு நோய் வந்தபோது எங்கள் அம்மாவுக்கு நாலு வயது. தாத்தாவின் பாய்க்கும் அவள் பாய்க்கும் நடுவில் பாட்டி அரிசி டின்னை நகர்த்தி வைப்பாளாம். கிருமியை நிறுத்த ஓர் அரிசி டின்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வறிக்கையில், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைக் குறிக்கும் 'குடும்பத் தொடர்பாளர்கள்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டின்தான் கண்ணில் வந்து நிற்கிறது.

'அறச்சிக்கல்' என்று புதுச்சொல் எதற்கு? 'தர்மசங்கடம்' என்று அழகான சொல் இருக்கிறதே?
தமிழாசிரியர் (ஓய்வு), திருச்சி

ஐயா, முதலில் அதைத்தான் போட்டேன். அறைத்தோழி படித்துவிட்டு, "கல்யாண வீட்டுல பழைய கடன்காரனைப் பார்த்த மாதிரி இருக்கு" என்றாள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு தர்மம் அடிபடுகிற நிலைதான் தர்மசங்கடம், நீங்கள் சொல்வது சரி. பேச்சுவழக்கில் அது வெறும் கூச்சமாகத் தேய்ந்துவிட்டதே, அதற்கு நான் என்ன செய்ய?

இந்த விஷயத்தில் எல்லோரும் எழுதுவது அமெரிக்காவின் டஸ்கிகீ கொடுமையைத்தான். நீங்கள் தொடவே இல்லையே?
வாசகர், ஈரோடு

தெரியாதவர்களுக்காக: அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையே நடத்திய ஆய்வு அது. 600 கறுப்பின ஆண்கள், அதில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். நாற்பதுகளின் கடைசியில் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது, இவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்கு 'சிறப்பு இலவசச் சிகிச்சை' என்று பெயர் வைத்துக் கடிதம் போட்டார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகே நின்றது. 1997ல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

படிக்கும்போது ரத்தம் கொதிக்கிறது, எழுதுவதற்கோ சுலபம். அங்கே சிக்கலே கிடையாது, அது துரோகம். வில்லனைக் காட்டிவிட்டால் படிப்பவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார், நான் அப்படி இல்லை என்ற நினைப்போடு. எனக்கு அந்த வசதி வேண்டாம் என்று தோன்றியது.

ஒருவரைப் பற்றி மட்டும் எப்போதாவது எழுத ஆசை: யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ். ஆரம்பம் முதல் பல்லாண்டு அந்த ஆண்களைத் தன் காரில் ஏற்றி அழைத்து வந்தவர், வீட்டுக்கு வீடு போய் நலம் விசாரித்தவர். அவர்கள் அவரை நம்பினார்கள். அவரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

யாருக்கு வீடு, யாருக்குச் சானடோரியம் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்ததாக எழுதியிருந்தீர்கள். நோயாளியின் விதியைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்ன மருத்துவம்?
வாசகி, சிவகாசி

அம்மா, நம் ஊரில் எந்த முடிவும் எடுக்க முடியாதபோது கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதில்லையா? ஏறக்குறைய அதே காரணம்தான். எது நல்லது என்று டாக்டருக்கே உண்மையாகத் தெரியாதபோது, அவர் கை தனக்குப் பிடித்தவர் பக்கம் சாயாமல் இருக்கக் குலுக்கல். தெரிந்துகொண்டே குலுக்கினால் அது பாவம். 'உண்மையாகத் தெரியாது' என்ற இடத்தில்தான் மொத்த வழக்கும் இருக்கிறது.

இந்தக் குலுக்கலின் மூதாதையும் ஒரு காசநோய் ஆய்வுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு, அமெரிக்காவிலிருந்து வாங்க டாலர் இல்லை. 107 நோயாளிகள். ஒட்டிய உறைக்குள் சீட்டு. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 14 பேர். எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லாதபோது குலுக்கலைவிட நியாயமான வழி கிடையாது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் அந்த 52 பேரிடம், நீங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறீர்கள் என்றே கடைசிவரை சொல்லவில்லை. மருந்து இல்லாதது அவர்கள் குற்றமில்லை. சொல்லாமல் விட்டதற்கு எந்தத் தட்டுப்பாடும் காரணமில்லையே.

ரோட்டா வைரஸ் தடுப்பூசி எங்கள் ஊரிலும் சோதிக்கப்பட்டது. அதில் சில குழந்தைகளுக்கு வெறும் சொட்டு மருந்து கொடுத்தார்கள் என்பது உண்மையா?
வாசகர், வேலூர்

உண்மைதான். ரோட்டா வைரஸ் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தருவது. அந்தச் சோதனை 2011ல் தொடங்கியது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகள். மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு இந்தியாவில் உருவான ரோட்டாவாக், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மருந்து, பிளாசிபோ. அப்போதே வெளிநாட்டுக் கம்பெனிகளின் இரண்டு தடுப்பு மருந்துகள் தனியார் மருத்துவமனைகளில் இருந்தன. உலக சுகாதார நிறுவனமும் ரோட்டா தடுப்பு மருந்து எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் வேண்டும் என்று 2009லேயே சொல்லிவிட்டது. அப்புறம் எதற்கு வெறும் சொட்டு என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள்.

ஆய்வுத் தரப்பின் பதிலையும் சொல்லவேண்டும். அந்த விலை மருந்து கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு எப்படியும் கிடைக்காது. ஏழை நாடுகளில் அதன் பலனும் பணக்கார நாடுகளைவிடக் குறைவாகவே இருந்தது. ஆய்வில் சேர்ந்த எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் உடனே கவனித்தார்கள். கடைசியில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கைப் பாதிக்குச் சற்று மேல், சுமார் 56 சதவீதம், தடுத்தது ரோட்டாவாக். 2016ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து வந்தது. இன்று சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.

என் அக்கா பிள்ளைக்கு அந்தச் சொட்டைப் போட்ட அன்று நான்தான் தூக்கிப் பிடித்திருந்தேன். பாதியைத் துப்பிவிட்டான். 'அந்தப் பெற்றோருக்கு எப்படியும் கிடைத்திருக்காது' என்ற வாதம் அப்போது ஞாபகம் வந்தது. கணக்கு சரி. ஆனால் இதே அளவுகோலை வைத்தால், எங்கே வறுமை அதிகமோ அங்கே ஆய்வு செய்வது சுலபம் என்று ஆகிவிடும். இதற்கு என்னிடம் பதில் இல்லை, சொட்டு மருந்து மட்டும் இருக்கிறது.

எத்திக்ஸ் கமிட்டி என்பது பேருக்குத்தானே?
வாசகர், மதுரை

அப்படியும் உண்டு. ஆய்வு தொடங்குமுன் அது நியாயமானதா என்று பார்த்து அனுமதி தரும் குழு அது. இப்போதுள்ள 2019 விதிப்படி, மருந்துப் பரிசோதனைகளைப் பார்க்கும் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், பாதிப்பேர் வெளியாட்களாக இருக்கவேண்டும், மருத்துவம் படிக்காத ஒரு சாதாரண ஆளும் உண்டு. என் ஆய்வேடு கமிட்டிக்குப் போனபோது டாக்டர்கள் எல்லாம் எத்தனை பேரை ஆய்வில் சேர்ப்பது என்ற மாதிரி எண்ணிக்கையைக் குடைந்தார்கள். அந்தச் சாதாரண உறுப்பினர் மட்டும், "ரெண்டாவது தடவை வரச் சொல்றியேம்மா, பஸ் காசு யார் தருவா?" என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை. பாரத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?
வாசகி, தருமபுரி

2009ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்கு விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அப்பா அம்மாவுக்குத் தெரியாமல். ஏழு பிள்ளைகள் இறந்தார்கள், 2010ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றுதான் விசாரணை சொன்னது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசி அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கையெழுத்து திருடப்பட்டதால் அந்த நல்ல ஊசியின் பேரே பல வருஷம் கெட்டுக் கிடந்தது.

இதைக் கட்டுரையில் காரசாரமாக எழுதிவிட்டு, அடுத்த வாரம் நான் என்ன செய்தேன் தெரியுமா?

என் ஆய்வேடு சர்க்கரை நோயாளிகள் ஏன் நடுவில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்பது பற்றி. ஒரு நகர்ப்புறச் சுகாதார நிலையத்தில் காலை எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். மூன்று பக்கத் தகவல் தாள், ஓர் ஒப்புதல் படிவம். 'இவ்வாய்வில் பங்கேற்பது தங்களின் தன்னிச்சையான முடிவாகும்' என்று நான் வாசிக்க ஆரம்பித்ததும் எதிரில் இருந்த பாட்டி இடது கட்டைவிரலை நீட்டிவிட்டார். "பாட்டி, இன்னும் படிச்சு முடிக்கல." "நீ படிச்ச புள்ள, தப்பா எழுதியிருப்பியா? சீக்கிரம் வை கண்ணு, டோக்கன் போயிடும்." எனக்கும் அன்றைக்குப் பத்துப் பேர் தேவை. மையை ஒற்றிக் கைநாட்டு வாங்கினேன். பாட்டி விரலைத் தலையில் தேய்த்துக்கொண்டு எழுந்துவிட்டார். கைநாட்டு வைத்தால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கையெழுத்துப் போடவேண்டும். அங்கேயே வேலை செய்யும் ஆயாம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவர் எப்படிச் சம்பந்தமில்லாதவர்? 'அஞ்சு நிமிஷம்தான்' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிஷம் கேள்வி கேட்டதும் நான்தான்.

ராத்திரி படிவங்களை அடுக்கும்போது அந்த விரல் ரேகையைப் பார்த்தேன். தேய்ந்துபோன ரேகை, பாதி மை வெறும் திட்டு. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டேன், ஆய்வில் சேர்க்கவில்லை. மறுநாள் முதல் அந்தத் 'தன்னிச்சையான' என்ற வார்த்தையை வாயால் சொல்வதில்லை. "வேணாம்னா வேணாம் சொல்லலாம்" என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

நானும் மருத்துவ மாணவன். இதே தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
மாணவர், திருநெல்வேலி

தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று மருத்துவ அறத்தின் நாலு நெறிகளையும் எழுதி ஆளுக்கு ஒரு பத்தி ஒதுக்கப் போகிறாய், தெரியும் தம்பி. நானும் அதைச் செய்தவள்தான். மார்க் வரும்.

அதோடு ஒன்று செய்து பார். ஆய்வறிக்கையில் மருத்துவரின் பார்வையில் இருக்கும் ஒரு வரியை எடுத்து, அதே வரியை வீட்டுக்காரர் பக்கம் திருப்பு. சேத்துப்பட்டு ஆய்வில், வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை உண்மையாகவே சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். அறிக்கையில் இது ஒரு நல்ல முறை, நிஜமாகவே நல்ல முறை. இப்போது நீ அந்தச் சந்தில் குடியிருப்பவன். வெளியாட்கள் உன் வீட்டைத் தேடிக் கதவைத் தட்டுகிறார்கள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். உன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுது.

உங்கள் ஆய்வில் யாராவது 'மாட்டேன்' என்று சொன்னதுண்டா? அப்போது எப்படி இருந்தது?
வாசகி, பாண்டிச்சேரி

ஒருவர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், பூ விற்கிறவர். 'வேணாம்னா வேணாம் சொல்லலாம்' என்று நான் ஆரம்பித்ததுமே, "அப்ப வேணாம்மா" என்றுவிட்டார். உள்ளுக்குள் சுருக்கென்றது. சிரித்து அனுப்பிவைத்தேன். வேண்டாம் என்று சொன்னாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்று தகவல் தாளில் இருக்கும் வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டியிருந்தேன்.

அடுத்த மாதம் மாத்திரை கொடுக்கும் நாளில் வரிசையைப் பார்த்தால், அவர் கடைசியில் நிற்கிறார். முன்னால் வந்தவர்களை எல்லாம் போகவிட்டுப் பின்னாலேயே நகர்கிறார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். நானே எழுந்து போய், "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்றேன்.

"இல்ல டாக்டரம்மா. அன்னிக்கு கையெழுத்து போடலியே... மாத்திரைய நிறுத்திடுவீங்களோன்னு."

"நிறுத்த மாட்டாங்கம்மா. அன்னிக்கே படிச்சுச் சொன்னேனே."

"ஆமா, சொன்னே."

தலையை ஆட்டினார். ஆனால் வரிசையில் இடம் மாறவில்லை. கவுன்டரில் மெட்ஃபார்மின் அட்டைகள் கைக்கு வந்த பிறகு ஓரமாக ஒதுங்கி நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்று அட்டை, முப்பது மாத்திரை. மறுபடியும் ஒருமுறை எண்ணிவிட்டு, மஞ்சள் பையில் பூக்கூடை நூல்கண்டுக்கு அடியில் வைத்து, பையின் வாயைச் சுருட்டிக்கொண்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்து, போயிட்டு வரேன் என்று தலையசைத்தார்.